வெளிநாட்டில் படகு வாங்கும்போது: வரி, கொடி, விலை – எதை முதலில் தீர்மானிப்பது?

கிரேக்கத் தீவு ஒன்றின் படகுத்துறையில் இரண்டு பாய்மரப் படகுகள் விலைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே பிரெஞ்சுப் பட்டறை ஒரே ஆண்டில் கட்டியது. நீளம் 12 மீட்டர். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் பாய்களின் வயதும் ஏறக்குறைய ஒன்றே. முதல் படகுக்கு 1 லட்சம் யூரோ கேட்கிறார்கள்; இரண்டாவதற்கு 85 ஆயிரம். பார்க்க வருகிறவர் இரண்டிலும் ஏறி இறங்குவார், கதவுகளைத் திறந்து மூடுவார், எஞ்சினை முடுக்கிக் காது கொடுத்துக் கேட்பார். வித்தியாசம் ஒன்றும் புலப்படாமல், 15 ஆயிரம் மிச்சம் என்று இரண்டாவதற்கு முன்பணம் கட்டத் தயாராகிவிடுவார்.

அந்த 15 ஆயிரம், வரைபட மேசையின் இழுப்பறையில் கிடக்கும் கோப்பில் ஒளிந்திருக்கிறது. முதல் படகுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், எப்போதோ கட்டியாகிவிட்டது. அதன் அசல் ரசீது கோப்பில் இருக்கிறது. இரண்டாவது படகை ஒரு அமெரிக்கர் வரி கட்டாமல் வாங்கி, தன் நாட்டுக் கொடியின் கீழ் ஓட்டிவந்தார். ஒன்றியத்தின் கடலில் அது தவணை குறிக்கப்பட்ட விருந்தாளி.

வெளிநாட்டில் படகு வாங்குகிறவர் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும்: எந்தப் படகு, எந்தக் கொடி (அதாவது எந்த நாட்டில் பதிவு), எந்த வரி. பெரும்பாலானோர் இதே வரிசையில்தான் போகிறார்கள். படகின் மேல் ஆசை வருகிறது, விலை படிகிறது, பிறகு எங்கே பதிவு செய்வது என்று விசாரிக்கிறார்கள், கடைசியில் வரி அதிகாரி வந்து நிற்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதே என் கட்சி. வரியை முதலில் தீர்மானித்தால் கொடி பாதி தீர்மானமாகிவிடும். கொடி தீர்மானமானால், நூறு படகுகளில் உங்களுக்கு உதவாத அறுபதைப் போய்ப் பார்க்காமலே தள்ளிவிடலாம்.

வரி கேட்கும் கேள்வி: நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?

உங்கள் கடவுச்சீட்டின் நிறத்தைவிட, ஆண்டின் பெரும்பகுதியை எந்த நாட்டில் கழிக்கிறீர்கள் என்பதையே வரித்துறை பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வசிப்பவர், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், தம் படகுக்கு வாட் கட்டியாக வேண்டும். படகில் கேமன் தீவுகளின் கொடி பறந்தாலும் மார்ஷல் தீவுகளின் கொடி பறந்தாலும் இந்தக் கடமை மாறாது. “வரியில்லாத கொடி” என்று தரகர்கள் சிலர் பேசும்போது இந்த உண்மையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கொடி வேறு, வரி வேறு. கொடியை மாற்றி வரியிலிருந்து தப்பலாம் என்று நம்பி வாங்குகிறவர்களே பிறகு அதிகம் இழக்கிறார்கள்.

வாட் விகிதம் ஒவ்வொரு நாட்டிலும் வேறுபடுகிறது. மால்டாவில் 18 சதவீதம், ஜெர்மனியில் 19, பிரான்சில் 20, ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் 21, இத்தாலியில் 22, கிரேக்கத்தில் 24, குரோவேஷியாவில் 25. ஒரு நாட்டில் ஒருமுறை கட்டினால் போதும். படகு ஒன்றியம் முழுவதும் தடையில்லாமல் போகலாம். ஆகவே வெளியிலிருந்து படகைக் கொண்டுவந்து வரி கட்டுவதென்று முடிவு செய்துவிட்டால், முதலில் எந்தத் துறையில் நுழைகிறோம் என்பதற்குப் பொருள் உண்டு. 2 லட்சம் யூரோ மதிப்புள்ள படகுக்கு மால்டாவுக்கும் குரோவேஷியாவுக்கும் இடையே 14 ஆயிரம் யூரோ வித்தியாசம். ஆனால் இந்தத் தேர்வு இறக்குமதிக்கு மட்டுமே பொருந்தும். புதுப் படகு என்றால் விதி வேறு: 7.5 மீட்டருக்கு மேல் நீளமுள்ள, முதன்முதலில் ஓடத் தொடங்கி 3 மாதம் ஆகாத அல்லது 100 மணி நேரத்துக்கு மேல் ஓடாத படகை ஒன்றியச் சட்டம் “புதிய வாகனம்” என்கிறது. அதை ஒன்றியத்துக்குள் எங்கே வாங்கினாலும், கொண்டுபோய்ச் சேர்க்கும் நாட்டின் விகிதத்தில்தான் வரி.

ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. அதற்குப் பெயர் தற்காலிக அனுமதி. படகு ஒன்றியத்துக்கு வெளியே பதிவானதாக இருக்க வேண்டும், உரிமையாளர் வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும், ஓட்டுபவரும் அப்படியே. இந்த மூன்றும் பொருந்தினால் 18 மாதம் வரை வரி கட்டாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கெடு முடிவதற்குள் துருக்கி, அல்பேனியா, மொண்டெனேகுரோ, துனீசியா போன்ற வெளிநாட்டுத் துறை ஒன்றுக்குப் போய், அங்கே நுழைந்ததற்கான காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படகு 18 மாதம் இருக்கலாம்; விசா இல்லாமலோ குறுகிய கால விசாவிலோ வரும் மனிதர், தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஷெங்கன் எல்லைக்குள் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். முன்பெல்லாம் அந்த 90 நாள் தீர்ந்தவர்கள் குரோவேஷியாவில் போய்க் காத்திருப்பார்கள். 2023 ஜனவரி 1 அன்று குரோவேஷியாவும் ஷெங்கனில் சேர்ந்தது. அந்தக் கதவு மூடிவிட்டது. தற்காலிக அனுமதியை நம்பிப் படகு வாங்குகிறவர் படகுக்கு ஒரு நாள்காட்டியும் தனக்கு ஒரு நாள்காட்டியும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டு படகுகளுக்குத் திரும்புவோம்

வாங்குகிறவர் ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், ஒரு கோடைக்காலம் மட்டும் மத்தியதரைக் கடலில் ஓட்டிவிட்டு அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனுக்குப் போகப்போகிறவர் என்றால், எனக்குத் தயக்கமே இல்லை: 85 ஆயிரம் யூரோ படகை வாங்கட்டும். தனக்குத் தேவைப்படாத வரிக்கு அவர் ஏன் 15 ஆயிரம் தர வேண்டும்?

அதே மனிதர் மூன்று, நான்கு ஆண்டுகள் அங்கேயே சுற்றப்போகிறார் என்றால் கணக்கு மாறுகிறது. 18 மாதத்துக்கு ஒருமுறை படகை வெளியே கொண்டுபோக வேண்டும். குளிர்காலத்தில் கெடு முடிந்தால் புயலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. படகைக் கரையேற்றி நிறுத்தும் காலத்துக்குக் கெடுவை நீட்டித்துத் தரச் சுங்கத்துறைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து எழுத்தில் வாங்கியாக வேண்டும். விற்கும் நாள் வரும்போது இன்னொரு சங்கடம். ஒன்றியத்தில் வசிக்கும் ஒருவருக்கு விற்றால் அவர் இறக்குமதி வரி கட்ட வேண்டும்; அதை உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார். வெளியே வசிக்கும் இன்னொருவருக்குத்தான் எளிதாக விற்கலாம், அதையும் சுங்கத்துறைக்குத் தெரிவித்துச் செய்ய வேண்டும். உங்களுக்குக் கிடைத்த 15 ஆயிரம் தள்ளுபடியை நீங்களும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவீர்கள். அதில் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. நடுவில் பட்ட அலைச்சல் மட்டும் உங்கள் கணக்கில்.

மூன்றாவது நிலைமைதான் ஆபத்தானது. அந்த மனிதருக்கு ஊர் பிடித்துப்போய், கிரேக்கத்திலேயே தங்கிவிட முடிவு செய்கிறார். வசிப்பிட அனுமதி கைக்கு வந்ததும் தற்காலிக அனுமதியின் அடித்தளம் சரிந்துவிடுகிறது. 85 ஆயிரத்துக்கு 24 சதவீதம் என்றால் 20,400 யூரோ. ஆக மொத்தம் 1,05,400. வரி கட்டிய படகைவிட 5,400 அதிகம். குடிபெயர்பவரின் சொந்த உடைமைகளுக்கு ஒன்றியம் தரும் வரி விலக்குப் பட்டியலில் உல்லாசப் படகும் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பழைய வசிப்பிடத்தில் குறைந்தது 6 மாதம் அதை வைத்திருந்து பயன்படுத்தியிருக்க வேண்டும், வெளியே குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. கிரேக்கத்திலேயே வாங்கி, கிரேக்கத்திலேயே கிடந்த படகு இந்த வாசல் வழியே நுழைவது கடினம்.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது படகு பிரெஞ்சுப் பட்டறையில் கட்டியது என்பதால் தப்பித்தது. அமெரிக்காவில் அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டிய படகாக இருந்திருந்தால், அதை ஒன்றியத்துக்குள் இறக்குமதி செய்யும்போது, ஒன்றியத்தின் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்துவதைக் காட்டும் சிஇ முத்திரையும் கேட்பார்கள். 1998 ஜூன் 16 முதல், 2.5 மீட்டரிலிருந்து 24 மீட்டர் வரையிலான உல்லாசப் படகுகளுக்கு அது கட்டாயம். கட்டும்போது அந்த முத்திரை பெறாத படகுக்குப் பின்னால் பெற வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றை வரவழைத்துத் தனிச் சோதனை செய்ய வேண்டும். மிதப்புச் சமநிலைக் கணக்கு, எரிவாயுக் குழாய், எஞ்சின் புகை, உரிமையாளர் கையேடு என்று பட்டியல் நீளும். அட்லாண்டிக்கின் அக்கரையில் மலிவாகக் கிடைத்த படகு இக்கரையில் விலை ஏறுவது இப்படித்தான். தற்காலிக அனுமதியில் வந்துபோகும்வரை இந்தத் தொல்லை இல்லை.

“வரி கட்டியது” என்ற சொல்லுக்கு ஆதாரம் எங்கே?

விளம்பரத்தில் “வாட் கட்டப்பட்டது” என்று எழுதுவதற்குச் செலவில்லை. கோப்பைத் திறந்தால் தெரியும். முதல் உரிமையாளருக்குப் பட்டறை கொடுத்த வரி ரசீது, அதன்பின் கைமாறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு விற்பனைப் பத்திரம் என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். தனியார் இருவருக்கிடையே பழைய படகு கைமாறும்போது புதிதாக வாட் எழாது. ஆகவே பழைய ரசீதுதான் கடைசிவரை சாட்சி. மிகப் பழைய படகுகளுக்கு மட்டும் ஒரு சலுகை: 1985 ஜனவரி 1-க்கு முன் பயன்பாட்டுக்கு வந்து, 1992 டிசம்பர் 31 அன்று அன்றைய ஒன்றிய எல்லைக்குள் இருந்ததை நிரூபித்தால், வரி கட்டியதாகவே கொள்வார்கள்.

ஒருமுறை கட்டிய வரி என்றென்றைக்கும் செல்லும் என்பதும் தவறான நம்பிக்கை. வரி கட்டிய படகு ஒன்றியத்தை விட்டு வெளியே போனால், அதே உரிமையாளர் 3 ஆண்டுக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் பழைய தகுதியோடு நுழையலாம். 3 ஆண்டு தாண்டினாலோ, வெளியே இருக்கும்போது விற்றுவிட்டாலோ அந்தத் தகுதி பொதுவாகப் போய்விடும். கரீபியனில் வாடகைக்கு ஓடி ஓய்வுபெற்ற கேட்டமரான் எனப்படும் இரட்டையுடல் படகுகள் ஈர்க்கும் விலையில் விற்பனைக்கு வருகின்றன. பிரான்சில் கட்டியவை என்பதால் “ஐரோப்பியப் படகு” என்று சொல்வார்கள். பல படகுகள் வரி கட்டாமல் நேரே ஏற்றுமதியானவை. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் வாங்கி பசிபிக் பக்கம் போகிறவருக்கு அவை அருமையான தேர்வு. மத்தியதரைக் கடலுக்குத் திருப்பி ஓட்டிவந்து அங்கே குடியிருக்க நினைப்பவர், விலையோடு இன்னும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது இந்தக் கோப்புகளில் போட்ட கோடு மிகக் கூர்மையானது. 2020 டிசம்பர் 31 இரவு, வரி கட்டிய ஒரு படகு கிரேக்கத்தில் நின்றிருந்தால் அது ஒன்றியப் பொருள் என்ற தகுதியைத் தக்கவைத்துக்கொண்டது. அதே போன்ற படகு அன்றிரவு பிரிட்டனின் சவுத்தாம்ப்டனில் நின்றிருந்தால் அந்தத் தகுதி போயிற்று. ஆகவே 2020-க்கு முன் பிரிட்டனில் வரி கட்டிய படகைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அந்த டிசம்பர் மாதத்துக்குப் படகுத்துறை கொடுத்த நிறுத்தக் கட்டண ரசீதை. நிறம் மங்கிய ஒற்றைத் தாள், படகின் பெயர், நீளம், 1 முதல் 31 வரை என்று தேதி, கீழே அலுவலக முத்திரை. பல படகுகளில் பாயைவிடவும் எஞ்சினைவிடவும் மதிப்புள்ள பொருள் அந்தத் தாள்தான். பழைய காகிதம் என்று தூக்கிப்போட்டவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

வாட் முடிந்தாலும் வரி முடியவில்லை. ஸ்பெயினில் வசிப்பவராகிவிட்டால், 8 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்குப் பொதுவாக 12 சதவீதப் பதிவு வரி தனியாக உண்டு. வேறு நாட்டில் வாட் கட்டியிருக்கிறேன் என்ற வாதம் அங்கே எடுபடாது. கிரேக்கம் 2019-இல் கடல் உலாக் கட்டணம் ஒன்றை வசூலிக்கத் தொடங்கியது. 12 மீட்டரைத் தாண்டிய படகுக்கு மீட்டருக்கு மாதம் 8 யூரோ என்ற கணக்கு. 14 மீட்டர் படகுக்கு மாதம் 112 யூரோ. பெரிய தொகை இல்லை, ஆனால் கட்டிய சான்று இல்லாமல் கடற்காவல் படையிடம் மாட்டினால் அபராதம் பெரிது.

படகைக் குத்தகைக்கு எடுத்து வாட்டைக் குறைக்கும் ஏற்பாடுகளை மால்டா, சைப்ரஸ், கிரேக்கம் ஆகிய நாடுகள் அனுமதித்து வந்தன. 2018-இல் ஐரோப்பிய ஆணையம் அந்த மூன்றின் மீதும் நடவடிக்கை தொடங்கிய பிறகு விதிகள் இறுகிவிட்டன. 24 மீட்டருக்குக் குறைந்த படகு வாங்கும் தனிமனிதர் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் வாங்கினால்

அமெரிக்காவில் நாடு தழுவிய விற்பனை வரி இல்லை. மாநிலம் மாநிலமாகக் கணக்கு. புளோரிடாவில் 6 சதவீதம், ஆனால் உச்சவரம்பு 18 ஆயிரம் டாலர். 3 லட்சம் டாலர் படகுக்கும் 10 லட்சம் டாலர் படகுக்கும் ஒரே வரி. அந்த மாநிலத்தில் வசிக்காதவர், பதிவுபெற்ற வணிகர் அல்லது தரகர் வழியாக வாங்கி, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, 10 நாளுக்குள் படகை வெளியே கொண்டுபோனால் வரி இல்லை. பெரிய படகாக இருந்தால் 90 நாள் தங்குவதற்கு ஒட்டுவில்லை வாங்கிக்கொள்ளலாம், இன்னும் 90 நாள் நீட்டிக்கவும் முடியும். பழைய படகு வாங்கிப் பழுது பார்த்துக்கொண்டு கிளம்ப இது போதுமான காலம். டெலவேர் மாநிலத்தில் விற்பனை வரியே இல்லை.

வரி இவ்வளவு எளிது, கொடியில்தான் இடறும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தேசியப் பதிவேட்டில் சேர, படகு குறைந்தது 5 நிகர டன் அளவு (எடை அல்ல, உள்ளளவு) இருக்க வேண்டும், உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். வெளிநாட்டவர் அதில் சேர முடியாது. டெலவேரில் நிறுவனம் தொடங்கி மாநிலப் பதிவு வாங்கிக் கொடுப்பதாகப் பலர் முன்வருவார்கள். செய்யக்கூடிய வழிதான். செலவை மட்டும் முழுதாகச் சொல்வதில்லை. அந்த நிறுவனத்துக்கு ஆண்டு வரி 300 டாலர், முகவர் கட்டணம் தனி. ஒரே வெளிநாட்டு உரிமையாளரைக் கொண்ட இத்தகைய நிறுவனம், வருமானமே இல்லாவிட்டாலும், 5472 என்ற எண்ணுள்ள படிவத்தை மத்திய வருவாய்த் துறைக்குத் தர வேண்டியிருக்கிறது. தராவிட்டால் அபராதம் 25 ஆயிரம் டாலர். 60 ஆயிரம் டாலருக்கு வாங்கிய படகுக்கு இப்படி ஒரு தண்டம் விழுந்தால் யார் தாங்குவார்? மாநிலப் பதிவு வேறு நாட்டுத் துறைகளில் எப்போதும் மறுகேள்வி இல்லாமல் ஏற்கப்படும் என்றும் சொல்ல முடியாது.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் கணக்கு நேரடியானது. நியூசிலாந்தில் இறக்குமதிக்கு 15 சதவீத ஜிஎஸ்டி. ஆஸ்திரேலியாவில் 10 சதவீத ஜிஎஸ்டி-யோடு பொதுவாக 5 சதவீதச் சுங்கமும் சேரும். பசிபிக்கைக் கடந்து வருபவர்கள் பயணம் முடிந்ததும் அங்கேயே விற்றுவிட நினைப்பது வழக்கம். விற்பவர் அவசரத்தில் இருப்பார். வாங்குபவர் வரி கட்டியதா என்று மட்டும் கேட்டால் போதும்.

கொடி: எது கிடைக்கும், எது தகும்

1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கப்பலுக்கும் அதன் கொடி நாட்டுக்கும் இடையே மெய்யான பிணைப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஒரே ஒரு கொடியின் கீழ்தான் ஓட வேண்டும் என்கிறது. வசதிக்கு ஏற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிக் கட்டும் கலத்தை எந்த நாடும் இல்லாத கலமாகவே கருதலாம் என்கிறது. விற்ற நாட்டில் பழைய பதிவை நீக்காமல் புதுப் பதிவு வாங்கியவரின் நிலைமை இந்தக் கடைசி விதிக்கு மிக அருகில் இருக்கிறது.

வாங்கிய நாட்டின் கொடியையே வைத்துக்கொள்ளலாம் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது நடக்காது. அமெரிக்காவில் குடியுரிமை தடுக்கிறது. பிரிட்டனில் சிறு படகுகளுக்கான எளிய பதிவு அங்கே வசிப்பவர்களுக்குத்தான். ஆகவே உண்மையான போட்டி மூன்றுக்குள்: சொந்த நாட்டுக் கொடி, வசிக்கும் நாட்டுக் கொடி, வெளியாருக்குத் திறந்திருக்கும் பதிவேடு ஒன்றின் கொடி.

சொந்த நாடு உல்லாசப் படகை ஒழுங்காகப் பதிவு செய்யும் நாடாக இருந்தால், வேறு யோசனை வேண்டாம் என்பேன். நெருக்கடியில் தூதரகமும் கொடியும் ஒரே நாட்டினுடையதாக இருப்பது பெரிய பலம். வங்கிக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் அது எளிது. சொந்த நாட்டில் சிறு படகுகளுக்கு ஒழுங்கான பதிவேடு இல்லாதவர்களும், கடலே இல்லாத நாட்டவர்களும்தான் திறந்த பதிவேடுகளைத் தேட வேண்டியிருக்கிறது. மார்ஷல் தீவுகள், குக் தீவுகள், மால்டா என்று தேர்வுகள் இருக்கின்றன. முகவர் அல்லது நிறுவனம் வழியாகப் பதிவு, ஆண்டுக் கட்டணம், அளவீட்டுச் சான்று, சில இடங்களில் பாதுகாப்புச் சோதனை. சிறு படகுக்கு இந்த ஆண்டுச் செலவு கனமாகவே இருக்கும். 10 ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

மால்டாவைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. மதிப்புள்ள கொடி, நல்ல பதிவேடு. ஆனால் மால்டா ஒன்றியத்துக்குள் இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் அந்தக் கொடியை எடுத்த கணமே தற்காலிக அனுமதிக்கான முதல் நிபந்தனையை இழக்கிறார். வாட் கட்ட வேண்டியதாகிறது. வரியை முதலில் தீர்மானியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

கொடி, போகும் நாடுகளையும் பாதிக்கும். அமெரிக்கக் கடலில் சுற்ற வரும் வெளிநாட்டு உல்லாசப் படகுகளுக்கு ஓராண்டு வரையிலான உலா உரிமம் உண்டு. அது குறிப்பிட்ட நாடுகளின் கொடிக்கு மட்டும். பட்டியலில் இல்லாத கொடி என்றால் துறைக்குத் துறை நுழைவும் விடையும் தனித்தனியாகப் பெற வேண்டும். புளோரிடாவிலிருந்து மெயின் மாநிலம் வரை கடற்கரையோரம் போக நினைப்பவருக்கு இது பயணத்தையே கெடுத்துவிடும்.

பதிவு வேறு, உரிமை வேறு

பிரிட்டனின் எளிய பதிவு, படகின் நாடு எது என்பதை மட்டும் சொல்கிறது. உரிமையாளர் யார் என்பதற்கு அது சான்று இல்லை. அதே நாட்டின் “முதல் பகுதி” எனப்படும் பதிவு உரிமைக்கே சான்று. அடமானமும் அதில் ஏறும். அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு கலமும் 64 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; இருவர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 32. பதிவு எண்ணைப் படகின் உடலில் செதுக்க வேண்டும், அல்லது பெயர்த்தெடுக்க முடியாதபடி தகடாகப் பதிக்க வேண்டும். அமெரிக்கப் பதிவுக்கும் இதே முறைதான்: 3 அங்குலத்துக்குக் குறையாத எண்கள், படகின் உள்ளே, கட்டமைப்பின் ஒரு பகுதியில், மாற்றினால் தழும்பு தெரியும்படி.

ஆகவே படகின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் சிறு சுத்தியலால் படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டு போகும்போது, நீங்கள் ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். எஞ்சின் அறையின் உத்தரத்திலோ படுக்கைக்கு அடியிலோ அந்த எண் இருக்கும். எண்ணெய்ப் படலத்தைத் துணியால் துடைத்துப் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். பிறகு வெளியே வந்து, படகின் பின்புறமான அமரத்தின் வலது மேல் மூலையைப் பாருங்கள். உடல் அடையாள எண் அங்கே பொறித்திருக்கும். அமெரிக்கப் படகில் 12 எழுத்துகள். ஐரோப்பியப் படகில் அது நாட்டின் குறியோடு தொடங்கும். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், அதற்கு எழுத்தில் விளக்கம் கிடைக்கும்வரை பணத்தைத் தொடாதீர்கள்.

வில்லங்கம் படகோடு ஒட்டிக்கொண்டே வரும். மாலுமியின் சம்பளப் பாக்கி, மீட்புக் கூலி போன்ற கடன்கள் உரிமையாளரை விட்டுவிட்டுக் கலத்தைப் பின்தொடர்கின்றன. விவரம் அறியாமல் வாங்கியவரின் படகையும் நீதிமன்றம் பூட்டி வைக்கலாம். எல்லாக் கடன்களும் பதிவேட்டில் ஏறியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் படகு கடைசியாக நின்ற துறை, பழுது பார்த்த பட்டறை ஆகிய இரண்டு இடங்களுக்கும் நேரில் போய்ப் பாக்கி உண்டா என்று கேட்பதை நான் ஒருபோதும் விடச் சொல்லமாட்டேன். அரை நாள் வேலை. தரகர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் முன்பணம் 10 சதவீதம் என்பது பரவலான வழக்கம். சர்வேயும் வெள்ளோட்டமும் திருப்தியாக இருந்தால்தான் மீதி என்று எழுதுவார்கள். அதோடு மூன்றாவதாக ஒரு நிபந்தனை வேண்டும்: வரி ரசீது, விற்பனைப் பத்திரங்களின் முழுச் சங்கிலி, பழைய பதிவை நீக்கியதற்கான சான்று ஆகியவை அசலாகக் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் விற்பவருக்குப் போகும் என்று. அதுவரை பணம் தரகரின் சொந்தக் கணக்கில் இல்லாமல், இரு தரப்புக்கும் பொதுவான பாதுகாப்புக் கணக்கில் இருக்கட்டும். பதிவு நீக்கச் சான்று இல்லாமல் புதிய கொடி நாடு பதிவேட்டைத் திறக்காது. பணம் போய்விட்ட பிறகு அந்தச் சான்றை விற்றவரிடமிருந்து வாங்குவது பல மாதப் போராட்டம்.

கொடி மாறியதும் வானொலியும் மாற வேண்டும். கடல் வானொலியின் 9 இலக்க அடையாள எண்ணில் முதல் மூன்று இலக்கம் கொடி நாட்டைக் குறிக்கும்: 235 என்றால் பிரிட்டன், 366 என்றால் அமெரிக்கா. பல கருவிகளில் அந்த எண்ணை ஓரிரு முறைக்கு மேல் மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். தயாரிப்பாளரிடமோ முகவரிடமோ கொடுத்துத்தான் திறக்க வேண்டும். படகு மூழ்கும்போது செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் அபாய மிதவைக்கும் இதே விதி. பழைய எண்ணோடு அதை விட்டுவிட்டால், அட்லாண்டிக்கின் நடுவே நீங்கள் அபாயப் பொத்தானை அழுத்தும்போது மீட்பு மையம் தொலைபேசியில் அழைப்பது உங்கள் குடும்பத்தை அல்ல, படகை விற்றவரை. புதிய பதிவுச் சான்று வந்த அன்றே, பெயரை அமரத்தில் எழுதுவதற்கு முன்பே, அந்த மிதவையைப் புதிய எண்ணில் பதிவு செய்துவிட வேண்டும்.